கதாநாயகியின் பெயர்

என் மகளுக்கு நான் வைத்த பெயர் நீளமானது. யாழ்ப்பாணத்தில் படிக்கிற காலத்தில் நான் உயிராய் நேசித்த ஒரு சரித்திர நாவலின் கதாநாயகியுடைய பெயர் அது. இங்கே ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எந்த ஆசிரியரும் அதை முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. பதினாறு வயதில், ஜெர்மன் குடியுரிமை எடுக்கும்போது பெயரைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு எழுத்துப் போதும் அம்மா. அடுத்த மாதம் குடியுரிமை அலுவலகத்தில டெர்மின் தந்த நாளுக்குப் போகேக்க சொல்லப் போறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவள் ஆரெண்டு தெரியுமோ? தனியக் குதிரையில போய்க் கோட்டையைக் காப்பாத்தினவள்! முதல் கதையைக் கேள், பிறகு சுருக்கு."

அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆகவே தமிழ்க் கடையில் சொல்லி நாவலைத் தருவித்து, பின்னேரங்களில் நானே வாசித்துக் காட்டினேன்.

முதல் அதிகாரத்திலேயே கதாநாயகி மயங்கி விழுந்தாள். பரவாயில்லை, சின்னப் பெண். மூன்றாவதில் புறா படபடத்ததற்கு விழுந்தாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பொறு, இனித்தான் குதிரை வரும்" என்றேன்.

குதிரை வந்தது. ஏறிப் போனவன் அவளுடைய அண்ணன். அவள் உப்பரிகையில் நின்று கண்ணீர் வடித்தாள், அதுவும் நாலு பக்கத்துக்கு. எழுதியவர் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு நாள் யோசித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பள்ளிக்கூடத்தில் எங்கள் கையில் இருந்தது புத்தகமாக வெளிவந்த நாவல் அல்ல. இந்திய வார இதழில் தொடராக வந்ததை யாரோ கிழித்துச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு. இதழ் வந்து சேராத வாரங்களுக்கு அதில் பக்கமே இல்லை. அந்த இடங்களை நாங்கள் நாலு சிநேகிதிகள் இடைவேளையில் முறை வைத்து எங்கள் பாட்டுக்குச் சொல்லி நிரப்பினோம். எது எழுதியவருடையது, எது எங்களுடையது என்பது காலப்போக்கில் எனக்கே மறந்துவிட்டது.

மகளிடம் சொன்னேன்.

"அப்ப குதிரையில போனது?"

"அது என்ர முறை."

"கோட்டை?"

"அதுவும் நான்தான்." எனக்கு வெட்கமாக இருந்தது. "சரி பிள்ளை, நீ சுருக்கு. அந்த அழுகுணியின்ர பேர் உனக்கு வேண்டாம்."

அடுத்த மாதம் டெர்மின் நாள் வந்தது.

அலுவலகத்தில் அதிகாரி பாதிப் பெயரில் தடுக்கி நின்று, மாற்ற ஏதும் விருப்பமா என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் இல்லை என்றாள். பிறகு முழுப் பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லி, அவர் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெளியே வந்ததும், ஏன் மனம் மாறினாய் என்று கேட்டேன்.

"புத்தகத்தில இருக்கிறவளின்ர பேர் எண்டால் மாத்தியிருப்பன். இவள் நீங்கள் உண்டாக்கின ஆளெல்லோ" என்றாள். "வீட்டை போய் அந்த இதழ் வராத கிழமையளை மட்டும் சொல்லுங்கோ, கேப்பம்."