அக்கரை என்றால் எது?

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக்குள் ஈரக் கம்பளி நாறும். கொழுந்து பறிக்கப் போகும் அம்மா மழைக்குத் தலையோடு போர்த்திக்கொள்ளும் கம்பளியை அடுப்புக்கு மேலே கொடியில் போடுவாள். அது செப்டம்பர் வரை உலராது, அதன் புகைவாடை எங்கள் சோற்றிலும் பள்ளிச் சட்டையிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

நீலகிரியில் ஓவேலிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், மூன்று புறம் ஆறு வளைந்தோட, நாலாவது புறம் யானைக்காடு நிற்க, நடுவில் இருந்தது எங்கள் குடியிருப்பு. கூடலூர்க்காரர்கள் 'பாடி' என்பார்கள். சிலோனிலிருந்து வந்த நாங்கள் 'லயம்' என்போம். காற்றும் மழையும் தொடங்கினால் மரம் சாயும், கரண்ட் கம்பி அறுந்துவிழும், மூங்கில் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். தீவென்றால் நாலு பக்கமும் கடல் இருக்க வேண்டும் என்றார் பள்ளி வாத்தியார். எங்கள் லயத்தைப் பார்த்திருந்தால் கடலை அவ்வளவு வற்புறுத்தியிருக்க மாட்டார். வேலை கிடையாது, சம்பளம் கிடையாது, மூன்று வேளையும் கோதுமை ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த 'கட்டச் சம்பலு'ம்தான். எஸ்டேட் ஆபீஸில் நல்ல பாலம் கேட்டால் மழை நிற்கட்டும் என்பார்கள்; மழை நின்றபின் கேட்டால் இப்போது எதற்குப் பாலம் என்பார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்படியொரு ஜூலையில்தான் என் அக்கா செல்விக்கு ஊட்டியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. லயத்திலிருந்து அப்படிப் போகவிருந்த முதல் பெண் அவள். சேர வேண்டிய நாளுக்கு முன்தினம் பாலம் போய்விட்டது. ஃபாக்டரி வேலைக்குப் போன அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம். டிரங்குப் பெட்டியோடு அக்கா இந்தப் பக்கம். போனும் வேலை செய்யவில்லை. ஃபாக்டரிக்குத் தேயிலைத்தூள் எடுக்க வந்துவிட்டு ஊட்டிக்குக் கிளம்பிய நடுவட்டத்துக் கடைக்காரரிடம் அப்பா சொல்லி அனுப்பினார். அவரும் சிலோனிலிருந்து வந்தவர்தான்.

"அண்ணே, புள்ள அக்கரையில நிக்கிது. வரச் சுணங்கும்னு அந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிருங்க."

அப்பா சொன்னது ஆற்றின் அக்கரை. ஆனால் எங்கள் பெரியவர்கள் வாயில் அக்கரை என்றால் கடலுக்கு அந்தப் பக்கம், அதாவது சிலோன். 'அக்கரையில தம்பி எப்படி இருக்கானோ' என்றுதான் அவர்கள் பெருமூச்சு விடுவார்கள். எங்கள் ஆற்றை அறியாத கடைக்காரருக்கு அந்தச் சொல்லில் வேறு அர்த்தம் தோன்றவே இல்லை. மழையில் நனைந்துகொண்டு பயிற்சிப் பள்ளிக்குப் போய், அந்தப் பிள்ளை சிலோனுக்குப் போய்விட்டது, வர நாளாகும் என்று பொறுப்பாகச் சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளம் வடிந்ததும் அப்பா அக்காவை அழைத்துக்கொண்டு ஓடினார். அங்கிருந்த கிளார்க், "ஏனுங்க, நீங்கதான் சிலோன் போயிட்டதாச் சொன்னாங்களே. எடத்தை அடுத்த புள்ளைக்குக் கொடுத்தாச்சுங்க" என்றார். அப்பா அக்கரைக்கு விளக்கம் சொல்லச் சொல்ல அவருக்குக் குழப்பம்தான் கூடியது. அடுத்த வாரமே அக்கா அம்மாவோடு கொழுந்துக்குப் போனாள்.

கடைக்காரர் விஷயம் தெரிந்து வந்து அழுதார். அவரைத் திட்டவும் எங்களுக்கு வாய் வரவில்லை. அந்த ஆற்றின்மேல் ஒழுங்காக ஒரு பாலம் இருந்திருந்தால், ஒருத்தியின் வாழ்க்கையை வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டியதில்லை.

இப்போது அங்கே கான்கிரீட் பாலம் இருக்கிறது. பாதி லயம் இடிந்து, பிள்ளைகளெல்லாம் திருப்பூருக்கும் கோவைக்கும் போன பிறகு கட்டினார்கள். சிலோனை அக்கரை என்று சொல்ல அங்கே ஒருவரும் மிச்சமில்லை. போன மாதம் அக்காவின் முழங்கால் வலிக்காக ஊட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். உள்ளே மூத்த நர்ஸ் ஒருவருக்கு மாலை போட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றோடு அவருக்கு ரிட்டயர்மென்ட்டாம். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேக் வந்தது.

அக்கா கேக்கை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்த அம்மாளைப் பார்த்தபடி இருந்தாள்.

"என் வயசுதான் இருக்கும்," என்றாள்.