திரும்பிப் பார்க்கக் கூடாத கோயில்

கம்போடியாவில் மரத்தின் வேர் கோயிலைக் கவ்விக்கொண்டிருக்கும் படத்தை யாராவது காட்டி, "என்ன அழகு" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேருக்கும் கல்லுக்கும் நடுவில் கால் மாட்டியவர்களுக்கு அது அழகாகத் தெரியாது.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. அண்ணன் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விஷக்காய்ச்சல் வந்து மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். அப்பா அவனோடு இருந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று தெரிந்ததும், அம்மா ஒரு சேவலையும் என்னையும் இழுத்துக்கொண்டு ஊத்துக்கோட்டை பஸ் ஏறினாள்.

ஊரைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டி, முள்காட்டுக்குள் இருந்தது அந்தக் கோயில். எந்த ராஜா கட்டினான் என்று யாருக்கும் தெரியாது. ஏழெட்டு சன்னதிகள், பாதி விழுந்த மதில், கூரை போன நீள மண்டபம். கருவறைகளில் சாமி இல்லை, வௌவால்தான் இருந்தது. அரசமர வேர்கள் கோபுரத்தைப் பிளந்துகொண்டு இறங்கியிருந்தன. பெரிய சாமிகள் எல்லாம் போன பிறகும் போகாமல் நின்றது மதில் மூலையில் இருந்த காவல்சாமி மட்டும்தான். மீசையும் கத்தியும் தேய்ந்துபோன ஒரு கல். உயிர் இழுத்துக்கொண்டிருப்பவர்களுக்காக அங்கே வந்துதான் வேண்டிக்கொள்வார்கள்.

பட்டப்பகல்தான். ஆனாலும் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

சேவலை அறுத்து முடித்ததும் பூசாரி அம்மாவிடம் சொன்னார்: "ரோடு ஏர்ற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாதும்மா. பின்னால இன்னா சத்தம் கேட்டாலும் சரி. திரும்பினா, குடுத்த உசுர அவனே எடுத்துக்குவான்."

"நானும் பாக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வேண்டிக்கினவங்களுக்குத்தான் கண்ணு."

அம்மா முன்னால் நடந்தாள், நான் பின்னால். மண்டபத்தின் நடுவே ஒரு பலகைக்கல் என் காலடியில் சட்டென்று புரண்டது. முழங்கால் வரை உள்ளே போய்விட்டேன். கல்லும் வேரும் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. உள்ளே ஜில்லென்று இருந்தது. கணுக்கால் மேல் ஏதோ ஒன்று மெதுவாக ஊர்ந்து போனது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. "அம்மா" என்றேன்.

அம்மா நின்றாள். திரும்பவில்லை.

"நீதானா?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"நான்தாம்மா. காலு மாட்டிக்கினுச்சு. உள்ள ஏதோ கீது."

அவள் அசையவே இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அவளை வெறுத்தேன். மகன் என்றால் ஒன்று, மகள் என்றால் ஒன்றா என்று மனசுக்குள் திட்டினேன்.

அப்புறம் அம்மா பின்பக்கமாகவே நடந்து வர ஆரம்பித்தாள்.

குதிகாலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில் இடறி விழுந்து முழங்கை கிழிந்தது. எழுந்தாள், முகத்தை மட்டும் திருப்பவில்லை. முதுகுக்குப் பின்னால் துழாவிய கைக்கு முதலில் என் தலைமுடி கிடைத்தது, பிறகு தோள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "கழுத்தக் கட்டிக்கோ" என்றாள். கட்டிக்கொண்டேன். ஒரே மூச்சில் எழுந்தாள். தோல் உரிந்துகொண்டு கால் வெளியே வந்தது.

ரோடு வரைக்கும் என்னை முதுகிலேயே சுமந்தாள். ரத்தம் அவள் புடவையெல்லாம் வழிந்தது. அது கல் கிழித்ததா, ஏதாவது கடித்ததா என்று பார்க்க அவளால் முடியாது. "எரியுதா? கண்ணு சொருகுதா? பேசிக்கினே வா" என்று கேட்டுக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போனாள். தார் ரோட்டில் என்னை இறக்கி வைத்த பிறகுதான் காலைப் பார்த்தாள். கடி எதுவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அண்ணன் அந்த வாரமே செத்துப்போனான்.

"பின்பக்கமா நடந்து போனா இன்னா, திரும்பினா இன்னா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று பக்கத்து வீட்டுக்காரி சாவு வீட்டிலேயே சொன்னாள். நான் அவளோடு சண்டைக்குப் போனேன்.

பல வருஷம் கழித்து, ஒருநாள் என் காலில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்: "எப்டியும் எடுத்துக்கினு போறவன்தான்னு தெரிஞ்சிருந்தா, அன்னிக்கே திரும்பி உன் மூஞ்சப் பாத்திருப்பேன்."