பிரேக்குக்கு எண்ணெய் போட்டவர்

எட்டு போட்டுக் காட்டுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நிறுத்துவதில்தான் கோளாறு. முதல் முறை வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நின்றதால், லைசென்ஸ் இல்லை என்று அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடை வேலை. லைசென்ஸ் கிடைத்தால் நானே போய்வரலாம். இல்லையென்றால் என் கணவர் சாவகாசமாகக் குளித்து, சாப்பிட்டு, தலைசீவிக் கிளம்பும்வரை காத்திருந்து, தாமதமாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

மறுபடி தேர்வுக்குப் போவதற்கு முந்தைய நாள், கல்லிடைக்குறிச்சி வீட்டு வாசலில் ஸ்கூட்டரின் இரண்டு சக்கரங்களையும் கழற்றிப் போட்டு உட்கார்ந்தார் அவர். டிரம்முக்குள் படிந்திருந்த கறுப்புத் தூசியை ஈரத்துணியால் துடைத்தார். பிரேக் ஷூக்களைக் கழற்றி மாட்டினார். நட்டைத் திருகி, சக்கரம் லேசாக உரசிச் சுற்றும் பதத்தில் நிறுத்தினார். பரவாயில்லையே என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

தெருக்கோடி வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். வாசலில் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். வண்டி என்னை மதிக்கவே இல்லை. மாமியார் காயப்போட்டிருந்த அப்பளங்களை நொறுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"உள்ள என்னத்த போட்டீங்க?"

"கீச்சு கீச்சுன்னு கத்திட்டுக் கெடந்துச்சு. கொஞ்சம் நல்லெண்ணெய் தடவுனேன்."

அப்பளம் போடும் வீட்டில் பிறந்த மனிதர். மாவு ஒட்டினாலும் எண்ணெய், கதவு கத்தினாலும் எண்ணெய். மாமியார் நொறுங்கிய அப்பளத்தை மறந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, நிக்கதுக்கு உள்ள சாமான்ல எவம்ல எண்ணெய் போடுவான்?"

எனக்கு வந்த கோபத்தில் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டேன். எண்ணெய் குடித்த ஷூக்களுக்குப் பதில் புதியவை வாங்கிவரச் சொன்னேன். டிரம்மை சோப்புப் போட்டுத் தேய்த்து உலர்த்தியதும், நட்டைத் திருகியதும் நான்தான். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகத் திருகும்படி "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அவர். திட்டத் திட்ட எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் கோட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே வண்டி நின்றது. "பாஸ்மா, போங்க" என்றார் அதிகாரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் வழக்கம்போல சாவிக்குக் கை நீட்டினார்.

"பின்னால ஏறுங்க" என்றேன்.

வழியில் டீக்கடையைப் பார்த்ததும், "ஏட்டி, செத்த நிறுத்து, ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம்" என்றார்.

"எனக்குக் கடைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, நிறுத்தாமல் போனேன்.