சாவியை யாரிடம் கொடுப்பது?

ஸ்பிரிங்வேலில் ஓர் இலவசச் சட்ட உதவி மையத்தின் ரிசெப்ஷனில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். நான் வக்கீல் இல்லை. வருகிறவர்களின் பெயரை எழுதி, பேப்பரை ஜெராக்ஸ் எடுத்து, வக்கீலிடம் அனுப்புவது என் வேலை. அந்த மேசைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக என் முதல் நாளை எழுதுகிறேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

அன்று முதலில் வந்தவர் ரவீந்திரன். படகில் அகதியாக வந்த யாழ்ப்பாணத்துக்காரர், வழக்கு முடியும்வரை தங்கத் தரும் பிரிட்ஜிங் விசா, கோழித் தொழிற்சாலையில் வேலை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வீட்டு ஏஜென்ட் அனுப்பிய நோட்டீஸை நீட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யும்படி இருந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள். சாமான்களையெல்லாம் கட்டி, கார்பெட்டைக்கூடக் கழுவிவிட்டாராம்.

“ஒரு கேள்விதான் அக்கா. சாவியை ஆரிட்டக் குடுக்கிறது? ஏஜென்டிட்டயோ, வீட்டுக்காரரிட்டயோ?”

முதல் நாளே விடை தெரிந்த கேள்வி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“ஏஜென்ட் ஆபீஸ்லயே குடுத்துடுங்க. மறக்காம ஒரு கையெழுத்து வாங்கிக்கோங்க” என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். நோட்டீஸின் ஜெராக்ஸை வக்கீலின் தட்டில் போட்டேன்.

மதியம் வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, ஆள் எங்கே என்று கேட்டார். நோட்டீஸ் வந்ததாலேயே யாரும் வெளியேற வேண்டியதில்லையாம். வாடகை வழக்குகளை விசாரிக்கும் ட்ரிப்யூனல் உத்தரவு போட வேண்டும். அதுவும் இந்த நோட்டீஸில் கொடுத்திருந்த நாட்கள் போதாது, நோட்டீஸே செல்லாது என்றார். நான் உடனே ரவீந்திரனுக்குப் போன் செய்தேன்.

“ஓம் அக்கா, இப்பத்தான் சாவியைக் குடுத்தனான். நீங்கள் சொன்ன மாதிரிக் கையெழுத்தும் வாங்கிட்டன்.”

வக்கீல் ஏஜென்டிடம் பேசிப் பார்த்தார். சாவியைக் கொடுத்ததே வீட்டை விட்டுக்கொடுத்ததாகிவிட்டதால், வீடு திரும்பக் கிடைக்கவில்லை. நான்கு பேரும் ஓர் உறவினரின் கராஜுக்குக் குடிபோனார்கள்.

அடுத்த வாரம் ரவீந்திரன் மறுபடி வந்தார். நடந்தது முழுவதும் அவருக்குத் தெரியும். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் ஒரு ரோல்ஸ் பலகாரப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

“மற்ற ஆக்கள் அங்க போ, இங்க போ எண்டு அலைய விட்டவை. நீங்கள்தான் கேட்டதுக்கு நேர விடை சொன்னனீங்கள்.”

அவர் குரலில் கிண்டல் இல்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும், “இதை ஏன் கேக்கறீங்க?” என்று கேட்காமல் நான் விடை சொன்னதில்லை. பலருக்கு எரிச்சல் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.