பானெட்டுக்கு அந்தப் பக்கம்

பழைய காரில் கார்பரேட்டரை ட்யூன் செய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பானெட்டைத் தூக்கிவிட்டுத் திருப்புளியோடு நிற்க வேண்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் நின்றவர் அவர், மிதித்தவள் நான். கல்யாணமான புதிதில் தொடங்கிய ஏற்பாடு, கடைசி வரை மாறவில்லை.

அவர் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னர். நான் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்தவள். "மிஷின் மிதிச்ச காலு அம்மணி. இந்த நெதானம் வேற யாருக்கும் வராது" என்பார். பாராட்டு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுக்க அது ஒரு வழி என்று பிறகுதான் தெரிந்தது.

"குடு" என்றால் மிதிக்க வேண்டும். "உடு" என்றால் காலை எடுக்க வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, அந்த ஒரு பெடல்தான் தெரியும். சீட்டில் உட்கார்ந்தால் கண்ணாடியை மறைத்துக்கொண்டு நிற்கும் பானெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் மட்டும் வரும். நடுநடுவே, "இருக்கியா அம்மணி?" என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எங்கீங்க போறேன்? காலு பெடல் மேலதான இருக்குது."

வால்பாறையில் அவருடைய தங்கை வீடு இருந்தது. மலையேறினால் அந்தக் காருக்கு மூச்சு முட்டும், கரும்புகை கக்கும். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஓரங்கட்டி, பனி மூடிய நேரத்தில் பானெட்டைத் தூக்கினார். பக்கத்தில் பஸ் உரசிக்கொண்டு போகிறது, எனக்கு உயிர் கையில் இல்லை. அங்கேயும், "இருக்கியா அம்மணி?" இந்த மலையில் இறங்கி எங்கே ஓடப்போகிறேன் என்று நன்றாகத் திட்டிவிட்டேன். சிரித்தார்.

அவர் போய் இரண்டு ஆடி கழிந்துவிட்டது. துடியலூர் வீட்டில் நான் ஒருத்திதான். கார் ஷெட்டில் தூசி படிந்து நின்றது. பெங்களூரில் இருக்கும் மகன், ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் பேசி முடித்தான். அவர் பழைய கார்களை வாங்கிப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்கிறவராம். ஞாயிற்றுக்கிழமை லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொள்வார் என்றான். கார் போவதில் எனக்கு மறுப்பில்லை. லாரி என்றதும்தான் கோபம் வந்தது.

"ஓடாத காரை வேற எப்படிம்மா கொண்டுபோவாங்க?" என்றான்.

"உங்கப்பன நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க. இதாவது கேட்டத் தாண்டித் தானாப் போவட்டும் சாமி."

அவன் போனை வைத்துவிட்டான். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஸ்பேனர் டப்பாவைத் தேடினேன்.

கார்பரேட்டரின் உள்விவகாரம் எனக்குப் புதிதல்ல. அவர் அதைக் கழற்றிக்கொண்டுவந்து பிரித்துப் போடுவது என்னுடைய துணி வெட்டும் மேசையில்தான். கல்யாண ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கும்போது அதில் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது அதே மேசையில் பழைய பேப்பரை விரித்து நானே பிரித்தேன். நின்றுபோன பெட்ரோல் உள்ளே பாகு மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. பெட்ரோல் வரும் ஜெட் ஓட்டைகள் அடைந்து கிடந்தன. கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், பிறகு வண்டி பெட்ரோலைக் குடித்தே தீர்க்கும். ஊறவைத்து, ஊதி, மறுபடி ஊறவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஊசிக்கு நூல் கோக்கிற கண் இன்னும் இருக்கிறது. ஜெட்டின் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தபோது, "பாருங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேசைக்கு எதிரே நாற்காலி காலி.

இரண்டு பாகத்துக்கு நடுவில் கசியாமல் வைக்கும் கேஸ்கட் கிழிந்து போயிருந்தது. உக்கடத்துப் பழைய ஸ்பேர் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், அந்த மாடலுக்கு இல்லை என்றார்கள். சரி, வெட்டுகிறது நம் தொழில்தானே என்று கேஸ்கட் தாள் வாங்கிவந்து, மேலே வைத்துக் கோடு இழுத்து நானே வெட்டினேன். எல்லாவற்றையும் மாட்டி, புது பெட்ரோல் ஊற்றி, சார்ஜ் ஏற்றிய பேட்டரியை வைத்துச் சாவியைத் திருப்பினேன். பிடித்துவிட்டது. ஆனால் மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் அணைகிறது. பெடல்மேல் செங்கல்லை வைத்துவிட்டு முன்னால் ஓடினேன். செங்கல்லுக்கு நிதானம் ஏது? எஞ்சின் கத்திய கத்தலில் மாமரத்துக் காக்கையெல்லாம் பறந்துபோயின.

மறுபடி பிரித்தேன். கேஸ்கட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டுகிற கை. தையலுக்கு வேண்டுமென்று கோட்டுக்கு உள்ளே தள்ளியே வெட்டிப் பழகிய கை. இதையும் அப்படியே வெட்டித் தொலைத்திருக்கிறேன். உள்ளே நீட்டிக்கொண்டிருந்த அந்தத் தாள், காலை எடுத்த பிறகு எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுக்கும் சின்ன ஓட்டையை மூடியிருந்தது. நடுமத்தியானத்தில் ஒருத்தியாக உட்கார்ந்து சிரித்தேன். அவர் இருந்திருந்தால் வருகிற ஒரம்பரை, உறவுக்காரருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்கியிருப்பார். வாங்க ஆளில்லை என்றதும் சிரிப்பு நின்றுபோனது.

தாளைச் சரியாக வெட்டி மாட்டினேன். மிச்சமிருந்தது ட்யூனிங். அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் புதிதாக வந்தவர்கள், கேட்டால் வருவார்கள். எனக்குத்தான் கேட்க வாய் வரவில்லை. அந்த சீட்டில் இன்னொருவர் உட்கார்வதை மனசு ஏற்கவில்லை. அப்படியே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, லாரியும் வந்துவிட்டது.

தோப்புக்காரர் ஐம்பது வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். டிரைவர் லாரியின் பின்பலகையை இறக்கத் தொடங்கினான்.

"ஏத்த வேண்டாமுங்க. சித்தெ நேரம் இருங்க, ஓட வச்சுத் தாரேன்" என்றேன்.

தோப்புக்காரர் தூக்கியிருந்த பானெட்டுக்குள் எட்டிக் கார்பரேட்டரைப் பார்த்தார். "ஏனுங்கம்மா, நீங்களா பிரிச்சு மாட்டுனீங்க? ஒரு ஸ்க்ரூதான பாக்கி, நான் திருப்பி உட்டுப்போடட்டுங்களா?"

"இல்லீங்க. நீங்க உள்ள உக்காந்து மிதிங்க. நான் இங்க நிக்கறேன்."

என் முகத்தைப் பார்த்தவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். முதல் மிதியிலேயே எஞ்சின் அலறியது. "மெல்லமுங்க. பட்டுத்துணிய மிஷின்ல உட்டுத் தைக்கறாப்பல மிதிங்க" என்று கத்தினேன். நிதானத்துக்கு வந்தார்.

"குடுங்க."

சத்தம் ஏறியது. ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினேன்.

"உடுங்க."

திக்கியது, அணையவில்லை. மறுபடி குடுங்க, மறுபடி உடுங்க. இத்தனை வருஷம் சீட்டில் உட்கார்ந்து கேட்ட சத்தத்தை முதல்முறையாக இந்தப் பக்கத்தில் நின்று கேட்கிறேன். முகத்தில் அனல் அடிக்கிறது. ஃபேன் காற்றில் கண் எரிகிறது. எதிரே தூக்கி நிறுத்திய தகடு, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. திருப்புளியை எடுக்க முடியாது, எட்டிப் பார்க்கவும் முடியாது. சத்தம் மெல்லத் தணிந்து ஒரே சீராக வந்தது. உள்ளே இருப்பவர் மிதித்துக்கொண்டிருக்கிறாரா, காலை எடுத்துவிட்டாரா, எழுந்தே போய்விட்டாரா என்று தெரியவில்லை. சட்டென்று பயம் வந்தது. என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"இருக்கீங்களா?"

"எங்கீங்க போறேன்? இங்கதான இருக்கறேன்" என்றார் அவர். "காலு எடுத்துப்போட்டனுங்கம்மா. தானாத்தான் ஓடுது."

திருப்புளி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கருப்பு. பார்த்திருந்தாலும் புகை என்றுதான் அவர் நினைத்திருப்பார். நல்லவேளை, பானெட் தூக்கியே இருந்தது.

இறக்கிச் சாத்தினேன். சாவி வண்டியிலேயே இருந்தது. காலி லாரி முன்னால் போக, கார் பின்னால் தானாக நகர்ந்து கேட்டைத் தாண்டியது. "போயிட்டு வாரனுங்கம்மா" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார். மேட்டுப்பாளையம் ரோட்டில் திரும்பி, மற்ற வண்டிகளின் சத்தத்தில் கலக்கும் வரை காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஓரிடத்திலும் திக்கவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பி வந்தேன். தரையில் எண்ணெய்க் கறையும் அந்தச் செங்கல்லும் கிடந்தன. செங்கல்மேல் உட்கார்ந்தேன். பெடல் இல்லாத தரையில் என் வலது கால் மெல்ல அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது.

"இருக்கறனுங்க" என்று சொன்னேன். இந்த முறை கோபம் வரவில்லை. கேட்கத்தான் யாரும் இல்லை.