தொக்கம் இல்லை என்று சொன்ன கெங்கம்மாள்

கெங்கம்மாளுக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான். ஓமந்தூருக்குப் பக்கத்து ஊர். இருபது வருஷமாகத் தொக்கம் எடுக்கிறாள். தின்றது தொண்டையில் ஒட்டிக்கொண்டு, பிள்ளை சோறு இறங்காமல் சிணுங்கிக் கிடந்தால் அதற்குத்தான் தொக்கம் என்று பெயர். செவ்வாயும் வெள்ளியும் காலையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். டார்ச் அடித்துப் பார்ப்பாள். உப்புத் தண்ணீரில் விரலை நனைத்து உள்ளே விட்டு வழிப்பாள். பிள்ளை ஒரு குமட்டுக் குமட்டும், அவ்வளவுதான் வேலை. கைராசிக்காரி என்று பேர். "பச்சப் புள்ளைக்குப் போயி மல்லாக்கொட்டைய அள்ளிக் குடுத்திருக்கியே, உனக்கு அறிவு இருக்குதா" என்று திட்டு வாங்காமல் எந்தத் தாயும் திரும்பிப் போனதில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. தையல்நாயகி என்பவள் தன் நாலு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குக் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. மூச்சு விட்டால் கொறகொறவென்று சத்தம்.

"இட்லி ஒட்டிக்கினு இருக்குதுக்கா. வெள்ளையா தெரியுது, நானே பார்த்தேன்" என்றாள்.

கெங்கம்மாளும் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. விரலை விட்டு வழித்தாள். இட்லியாக இருந்தால் வழுக்கிக்கொண்டு வந்திருக்கும். இது தோல் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றது. விரலில் ரத்தம்தான் வந்தது.

"இது தொக்கம் இல்லடி. டாக்டர்கிட்ட தூக்கிக்கினு ஓடு."

"நேத்தே திண்டிவனத்துல காட்டிட்டேன்க்கா. சளின்னு சொல்லி ஊசி போட்டு அனுப்பிட்டாரு."

"வாயத் தொறந்து பார்த்தாரா?"

"இல்லக்கா. ஒரே கூட்டம். நெஞ்சுல மட்டும் வச்சுப் பார்த்தாரு."

கெங்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொண்டை வலி என்று வந்த பிள்ளையின் தொண்டையைப் பார்க்காமல் அனுப்புவதற்கு ஒரு படிப்பு, அதற்கு வாசலில் ஒரு போர்டு வேறு. நானே கூட வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. மரக்காணத்துப் பக்கக் குப்பத்திலிருந்து மூன்று பெண்கள் பிள்ளைகளோடு வந்து காத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனசு வரவில்லை. அதே உப்புத் தண்ணீரில் விரலைத் தோய்த்து, மூன்று பிள்ளைகளுக்கும் மளமளவென்று பார்த்து முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

திண்டிவனத்தில் வரிசையைத் தாண்டி நேரே உள்ளே போய் நின்றாள். நேற்று ஊசி போட்ட டாக்டர் பாண்டுரங்கன் நிமிர்ந்து பார்த்தார். தொக்கம் எடுக்கப் போனதைத் தையல்நாயகி சொன்னாள்.

"தொக்கம் எடுக்கிறவளா? நீங்கள்லாம் நோண்டி விட்டுட்டுக் கடைசியில எங்கிட்ட வர்றீங்க."

"மொதல்ல உங்ககிட்டதான் சார் வந்துது. நான் கைநாட்டு, நானே பார்த்துட்டேன். நீங்க படிச்சவரு, வாயத் தொறந்து பார்க்க உங்களுக்கு இன்னா பேஜாரு?"

டாக்டர் முறைத்தார். முறைத்துக்கொண்டே டார்ச்சை எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. தொண்டை அடைப்பான். கிருமி தொண்டையில் படலமாகப் படர்ந்து மூச்சையே அடைக்கிற வியாதி. தடுப்பூசி போடாத பிள்ளை. அதற்கு மருந்து புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும் என்று சீட்டு எழுதி, தன் காரிலேயே தாயையும் பிள்ளையையும் அனுப்பி வைத்தார். மூன்று வாரம் படுக்கையில் கிடந்து அந்தப் பிள்ளை பிழைத்து வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

கெங்கம்மாள் விடுகிற ஆளா? "இத நேத்தே பண்ணியிருக்கலாமில்ல சார்? இன்னும் ஒரு நாள் போயிருந்தா அந்தப் பொண்ணுக்கு யார் பதில் சொல்றது?"

"தப்புதான்மா" என்றார் டாக்டர். "ஒண்ணு கேக்கறேன். அந்தப் புள்ள வாயில விரல விட்டியே, அப்புறம் சோப்புப் போட்டுக் கைய கழுவுனியா? வேற எந்தப் புள்ள வாயிலயாவது விட்டியா?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கெங்கம்மாள் தன் வலது கையைப் பார்த்தாள்.

"மூணு புள்ளைங்க சார்."

"இன்னைக்கே கூட்டிக்கினு வா. மருந்து குடுத்துடலாம், பயமில்ல."

மரக்காணம் பஸ்ஸில் வழி நெடுக அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். அடிப் பாவி, ஊரையெல்லாம் அறிவு இருக்குதா என்று கேட்டாயே, உனக்கு எங்கே போச்சு அறிவு? இருபது வருஷத்தில் யார் பிள்ளைச் சளியை யார் பிள்ளை வாயில் தடவினோமோ என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பே கூசியது.

காலையில் வந்த மூன்று பேரில் முதலில் முனியம்மாள் வீடு. அவள் சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கி வந்தாள். "உங்க கை பட்டதும் கூழு குடிச்சுட்டான்க்கா."

"அந்தக் கையப் பத்தித்தான்டி சொல்ல வந்தேன். நோவுக்காரப் புள்ள வாயில விட்ட கைய, கழுவாம உன் புள்ள வாயில விட்டுட்டேன். ஜல்தி கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

முனியம்மாளுக்குச் சிரிப்பு நின்றது. பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு, கெங்கம்மாள் கை எட்டாத தூரத்துக்குப் பின்னால் போய் நின்றாள். இருபது வருஷத்தில் ஒரு தாயும் அவளைக் கண்டு அப்படி விலகினதில்லை.

"நல்லதுடி" என்றாள் கெங்கம்மாள். "எங்கிட்ட குடுக்காத. நீயே தூக்கிக்கினு முன்னால நட."