இரண்டு செவ்வாய்க்கிழமைகள்

1994 ஜூன் மாதம், ஒரு சின்னக் கிரேக்கத் தீவில் நான் எழுதிய டைரிப் பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: “எந்தச் செவ்வாய்?”

என் அக்காவின் கணவர் கிரேக்கச் சரக்குக் கப்பலொன்றில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். ஜப்பானிலிருந்து கனடா போகும் வழியில் மாரடைப்பில் இறந்தார். கடலிலேயே அடக்கம். உயிர் பிரிந்தது 1971 நவம்பர் 9, செவ்வாய், நடுப்பகல் என்று கேப்டன் கடிதம் எழுதியிருந்தார். பஞ்சாங்கப்படி ஐப்பசித் தேய்பிறை சப்தமி. வருடந்தோறும் அன்று அக்கா பேரூர் ஆற்றங்கரையில் திதி கொடுக்கச் செய்து, சிங்காநல்லூர் வீட்டில் அவருக்கு இலை போடுவாள்.

மில்லில் என்னை மெஷின் பார்க்க இத்தாலிக்கு அனுப்பினார்கள். நான்கு நாள் லீவு சேர்த்துக்கொண்டு, கேப்டனின் பழைய கடித உறையிலிருந்த முகவரியைத் தேடிப் போனேன். “கடைசியா ஏதாச்சும் கேட்டாரான்னு மட்டும் கேட்டுட்டு வா கண்ணு” என்றிருந்தாள் அக்கா.

தீவில் வீட்டுக்கு வீடு கப்பல் படம். நம் கோயிலில் கண்மலர் சாத்துவதுபோல, மாலுமிகள் நேர்ந்துகொண்ட வெள்ளிக் கப்பல்கள் தேவாலயத்தில் தொங்கின. கேப்டன் கடற்கரையில் இருப்பார் என்றார்கள். வெயிலுக்கு ஒதுங்காமல் வெயிலுக்காகவே படுத்துக் கிடந்த கூட்டத்தில், ஷூ நிறைய மணலோடு அலைந்து, நீச்சல் உடையிலிருந்த அந்தக் கிழவரைக் கண்டுபிடித்தேன்.

உடைந்த ஆங்கிலத்தில் பேசினோம். மச்சான் கடைசியாகக் கேட்டது டீ. கொண்டுவருவதற்குள் போய்விட்டாராம். அதோடு எழுந்து வந்திருக்கலாம். வழக்கம்போலத் தேதியையும் சரிபார்த்தேன்.

“செவ்வாய்தான். ஆனால் எந்தச் செவ்வாய்? அந்த வாரம் எங்களுக்கு இரண்டு” என்றார்.

பசிபிக் நடுவில் தேதிக்கோட்டைக் கிழக்கே தாண்டும் கப்பல் ஒரு நாளை இருமுறை எண்ணும். நவம்பர் 9 அவர்களுக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. மணலில் விரலால் கணக்குப் போட்டேன். முதல் செவ்வாயின் நடுப்பகல் என்றால் கோயமுத்தூரில் செவ்வாய் விடிகாலை, சப்தமி. இரண்டாவது என்றால் புதன் விடிகாலை, அஷ்டமி. அலை வந்து அழிக்க, மறுபடி போட்டேன். கூட்டுவதா கழிப்பதா என்பதே குழம்பிப் போனது. கேப்டனுக்கும் நினைவில்லை.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன்.

“டீயா கேட்டாரு?” அக்கா சிரித்துவிட்டாள். பிறகு தேதிக் குழப்பத்தைக் கேட்டதும் முகம் மாறியது. “அப்ப இருபத்திரண்டு வருசமா நான் யாருக்குடா எல போட்டேன்?”

“ஒரு நாள் முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதானுங்கக்கா.”

“உன்ற கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னப்பின்ன போயிருந்தீன்னா பொண்ணு குடுத்திருப்பாங்களா?”

அந்த ஐப்பசியில் இரண்டு நாளும் இலை போட்டாள். இரண்டு இலைக்கும் பக்கத்தில் ஒரு டம்ளர் டீ. எந்த நாளில் சொல்லி அழுவது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

கப்பலின் அன்றாடப் பதிவேட்டைத் தேடிப் பார்க்கும்படி கேப்டனுக்கு இருமுறை எழுதினேன். பதில் வரவில்லை. மச்சான் இறந்தது முதல் செவ்வாயா இரண்டாவதா என்பது இதை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.